தேருக்கு முட்டுக்கட்டை உண்டு, கூட்டத்துக்கு?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளைச் சுற்றி வரும். முதலில் பிள்ளையார் தேர். கடைசியில் சண்டிகேசுவரர் தேர். அம்மன் தேரைப் பெண்களே இழுப்பார்கள். சண்டிகேசுவரர் தேரின் வடம் சிறுவர்கள் கையில். அன்றைக்கு அந்த வீதிகளில் கால் வைக்க இடம் இராது. திண்ணை, மாடி, மதில் எங்கே பார்த்தாலும் ஜனங்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் தேரின் உச்சியில் இருக்கும். வடம் பிடித்தவர்களுக்கோ முன்னால் நிற்பவரின் முதுகு ஒன்றுதான் தெரியும். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்கள் கையில் முட்டுக்கட்டை. தேர் ஒருபக்கம் சாய்ந்து ஓடப் பார்த்தால் சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டையால்தான். ஆயிரம் பேர் இழுக்கிற வேகத்துக்கு ஒரு துண்டு மரம் பதில் சொல்கிறது.

அந்தக் கட்டையின் பெயரைத் தமிழர்கள் வசவாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்பது அன்றாடப் பேச்சு. தேர்ச் சக்கரத்தின் அருகே ஒரு தடவை நின்று பார்த்தவர் அந்த வசவைக் கொஞ்சம் யோசித்துத்தான் வாயில் போடுவார்.

அரசியல் கூட்டமும் ஒரு தேர்தான். இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் வருகின்றன. எல்லோருடைய கண்ணும் உச்சியில், அதாவது மேடையில். சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்? 2025 செப்டம்பர் 27-ந் தேதி இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஒரு கட்சித் தலைவரின் பிரசாரக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. யார் மேல் குற்றம் என்று சொல்ல விசாரணை இருக்கிறது. அது இங்கே பேச்சல்ல. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கேட்ட ஒரு குரல் கவனிக்கத் தக்கது. "இந்தப் பொதுக்கூட்டமே எதற்கு? தடுத்துவிட்டால் என்ன?" என்பதே அந்தக் குரல்.

பயத்தில் பிறந்த கேள்வி. ஆனாலும் நியாயமான கேள்வி. இதை முதலில் கேட்டவர்கள் தமிழர்கள் அல்ல. 2,000 வருஷங்களுக்கு முன்னால் ரோமாபுரியில் இதைக் கேட்டார்கள். ஒரு விடையும் கண்டார்கள். அந்த விடை அவர்களை எங்கே கொண்டு போய் விட்டது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ரோமாபுரி மைதானம்

மன்னர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு கண்ட நகரம் ரோமாபுரி. அதன் நடுவே ஒரு திறந்த மைதானம். ஒரு பக்கம் ஆட்சி மன்றக் கட்டடம்; அதன் முன்னால் பிரசங்க மேடை. கி.மு. 338-ல் ஆன்டியம் என்ற ஊரை வென்றபோது பிடித்த கப்பல்களின் மூக்குகளை அறுத்துக் கொண்டுவந்து அந்த மேடையில் பதித்திருந்தார்கள். மேடைக்கே 'மூக்குகள்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஜனங்கள் அங்கே இரண்டு விதமாகக் கூடினார்கள். பேச்சைக் கேட்க மட்டும் கூடுவது ஒன்று. ஓட்டுப் போடக் கூடுவது மற்றொன்று. நினைத்தவன் மேடையேறிப் பேச முடியாது. பதவியில் இருப்பவர் ஒருவர் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். அவர் அழைத்தவரே பேசலாம். கேட்பவர்கள் நின்றுகொண்டேதான் கேட்பார்கள். உட்கார்ந்து கூட்டம் போடுவது கிரேக்கர்களின் கெட்ட வழக்கம், அதனால்தான் அவர்கள் கெட்டார்கள் என்று ரோமாபுரிப் பிரசங்கி சிஸரோ ஒரு வழக்கில் கேலி பேசியிருக்கிறார். மணிக்கணக்கில் நிற்கும் கூட்டத்தைவிட உட்கார்ந்த கூட்டமே சாது என்பது நம்மூர்ப் பந்தல்காரர்களுக்குத் தெரியும். சிஸரோவுக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். இலட்சக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்த அந்த நகரத்தில் போலீஸ் கிடையாது. எல்லைக்குள் படையும் ஆயுதத்தோடு வரக்கூடாது. அப்படியானால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தியது எது? வழக்கம், மரியாதை, அதோடு ஒரு முட்டுக்கட்டை. எளிய ஜனங்களின் பாதுகாவலர்கள் என்று ஆண்டுதோறும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் மேனியை யாரும் தீண்டக்கூடாது. தீண்டினால் அது தெய்வக் குற்றம். பத்துப் பேரில் ஒருவர் "கூடாது" என்றால் போதும், எந்தத் தீர்மானமும் அப்படியே நின்றுவிடும். தேர்ச் சக்கரத்தில் கட்டை விழுந்த மாதிரி.

கி.மு. 133-ல் டைபீரியஸ் கிராக்கஸ் என்பவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். பெரிய இடத்துப் பிள்ளை. போருக்குப் போன குடியானவன் திரும்பி வரும்போது நிலம் கைமாறிப் போயிருப்பதைக் கண்டவர். பொது நிலத்தில் ஒருவர் 500 யூகரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது, மிச்சத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். 500 யூகரம் என்பது ஏறக்குறைய 300 ஏக்கர். நில உச்சவரம்பு என்று தமிழ்நாடு பின்னால் அறிந்த அதே சங்கதிதான்.

பணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாதுகாவலர்களில் இன்னொருவரான ஆக்டேவியஸைப் பிடித்து "கூடாது" என்று சொல்ல வைத்தார்கள். டைபீரியஸ் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில், ஜனங்களுக்கு எதிராகப் போகிறவர் ஜனங்களின் பாதுகாவலர் ஆக முடியாது என்று சொல்லி, ஆக்டேவியஸைப் பதவியிலிருந்து நீக்க ஓட்டுக்கு விட்டார். அது வரை யாரும் செய்யாத காரியம். ரோமாபுரியில் மொத்தம் 35 பிரிவுகள். 17 பிரிவுகள் நீக்கச் சொல்லி ஓட்டளித்தாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். அப்போது டைபீரியஸ் ஓட்டை நிறுத்தி, ஆக்டேவியஸைக் கட்டிக்கொண்டு மறுபடியும் வேண்டினார் என்று சரித்திர ஆசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். ஆக்டேவியஸின் கண்ணில் நீர் தளும்பியதாம். ஆனால் எதிரே பணக்காரர்கள் நின்ற பக்கம் பார்த்தார், அசையவில்லை. பதினெட்டாவது பிரிவு ஓட்டளித்தது.

உடனே அவரை மேடையிலிருந்து இழுத்தார்கள். கூட்டம் பாய்ந்தது. ஆக்டேவியஸ் தப்பினார். ஆனால் எஜமானுக்கு முன்னால் நின்று அடியைத் தாங்கிய அவருடைய ஊழியன் ஒருவன் கண்களை இழந்தான். அவன் பெயரைச் சரித்திரம் எழுதிவைக்கவில்லை. ரோமாபுரிக் குடியரசின் முதல் ரத்தம் டைபீரியஸ் கிராக்கஸின் ரத்தம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே அந்த ஊழியனின் ரத்தம் மைதானத்தில் விழுந்தாகிவிட்டது. முட்டுக்கட்டையைப் பிடுங்கி எறிந்த கூட்டம் செய்த முதல் காரியம் அது. டைபீரியஸின் நோக்கம் உயர்ந்தது என்பதற்காக இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

பெஞ்சுக் கால்கள்

சட்டம் நிறைவேறியது. மறு வருஷமும் பதவியில் இருந்தால்தான் உயிர் தங்கும் என்று டைபீரியஸ் மீண்டும் தேர்தலுக்கு நின்றார். கோயில் குன்றின் மேல் கூட்டம். ஒரே கூச்சல், ஒலிபெருக்கி இல்லாத காலம். தமக்கு ஆபத்து என்று தூரத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுவதற்காக டைபீரியஸ் தம் தலையைக் கையால் தொட்டார். எதிரிகள் அங்கிருந்து ஓடிப்போய் ஆட்சி மன்றத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தலைக்குக் கிரீடம் கேட்கிறான்!"

ஒரு கை அசைவுக்கு இரண்டு அர்த்தம். அதற்குள் இத்தனை உயிர்கள்.

அப்போது தலைமைப் பதவியில் இருந்தவர் ஸ்கேவோலா என்ற சட்ட நிபுணர். படையையும் பலத்தையும் தாம் முதலில் கையாள மாட்டேன், விசாரணையில்லாமல் ஒரு குடிமகனையும் கொல்ல மாட்டேன், ஜனங்கள் சட்ட விரோதமாக எதையாவது தீர்மானித்தால் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். இதைவிட நிதானமான பதிலை ஓர் அதிகாரி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. ஆனால் நாசிகா என்ற தலைமைப் புரோகிதர் கேட்கவில்லை. "சட்டத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் வாருங்கள்" என்று கூவிக்கொண்டு புறப்பட்டார். பின்னால் ஆட்சி மன்றத்துப் பெரிய மனிதர்கள். வழியில் உடைந்து கிடந்த பெஞ்சுகளின் கால்களை எடுத்துக்கொண்டார்கள். டைபீரியஸின் தலையில் முதல் அடியைப் போட்டவர் அவரோடு பதவி வகித்த இன்னொரு பாதுகாவலர். கையில் பெஞ்சுக் கால். அன்று 300 பேருக்கு மேல் செத்தார்கள். ஒருவர் உடம்பிலும் வாள் வெட்டு இல்லை. எல்லாம் கட்டையடி, கல்லடி. பிணங்களை இரவோடு இரவாக டைபர் ஆற்றில் போட்டார்கள்.

சட்டத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள்தான் அன்று சட்டத்தை அடித்துக் கொன்றார்கள். கந்தல் உடுத்தவன் கல்லெறிந்தால்தான் கலகம் என்பது பலருடைய எண்ணம். வெள்ளைத் துணி உடுத்தியவன் கட்டையைத் தூக்கினாலும் அது கலகமே.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டாம். பன்னிரண்டு வருஷம் கழித்து, கி.மு. 121-ல், தம்பி கையஸ் கிராக்கஸின் முறை. அவரோடு போனவர்கள் 3,000 பேர் என்பது கணக்கு. கொலையை நடத்திய ஒப்பீமியஸ் அதற்குப் பிறகு ஒற்றுமைத் தேவதைக்குக் கோயில் கட்டினார். வெட்கமே இல்லாத காரியம். கி.மு. 100-ல் சாட்டர்னைனஸ் என்ற பாதுகாவலரைப் பத்திரமாக ஆட்சி மன்றக் கட்டடத்துக்குள் பூட்டி வைத்தார்கள். கூட்டம் கூரை மேல் ஏறி, ஓடுகளைப் பிய்த்து எறிந்தே அவரைக் கொன்றது. கி.மு. 52-ல் குளோடியஸ் என்ற அரசியல் சண்டியர் நெடுஞ்சாலையில் எதிரியின் ஆட்களால் கொல்லப்பட்டார். அவருடைய பிணத்தைத் தூக்கி வந்து மேடையில் கிடத்தினார்கள். பிறகு ஆட்சி மன்றத்துக்குள் கொண்டுபோய், அங்கிருந்த பெஞ்சுகளையும் மேசைகளையும் தஸ்தாவேஜுகளையும் குவித்துச் சிதை மூட்டினார்கள். பிணம் எரிந்தது. கட்டடமும் எரிந்தது.

அன்றைக்குத்தான் ரோமாபுரி வீடுகளில் அந்தக் குரல் பலமாகக் கேட்டது. "ஒரு பலசாலி வந்து இதையெல்லாம் அடக்கினால் போதும்!" பாம்ப்பே தனியாளாகத் தலைமை ஏற்றார். நீதி விசாரணை நடக்கும் மைதானத்தைச் சுற்றிப் படை நின்றது. பிரசங்கத்துக்குப் பேர் போன சிஸரோவுக்கே அன்று நாக்குக் குழறியது. எட்டு வருஷம் கழித்து ஜூலியஸ் சீஸரின் சவ ஊர்வல நாளில், கொலையாளிகளில் ஒருவருடைய பெயரும் தன் பெயரும் ஒன்றாக இருந்த பாவத்துக்காக, சின்னா என்ற கவிஞரை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். சக்கரவர்த்திகள் வந்தார்கள். கி.பி. 14-ல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களிடமிருந்து ஆட்சி மன்றத்துக்குப் போயிற்று. கொஞ்சம் முணுமுணுத்தார்களாம், அவ்வளவுதான். மைதானத்தில் அமைதி நிலவியது.

தாமிரபரணிக் கரையில்

தூரத்து ஊர்க் கதை போதும். இந்த மண்ணில் நடந்தது ஒன்று.

1908 பிப்ரவரி. தூத்துக்குடிக் கடற்கரையில் மாலை வேளைகளில் கூட்டம். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசுவார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனியை 1906-ல் பதிவு செய்தவர் பிள்ளை. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு அது வயிற்றெரிச்சல். பிப்ரவரி 27-ந் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், அன்றாடங்காய்ச்சிகள். தினமும் கடற்கரையில் பேச்சு, ஊருக்குள் நன்கொடை வசூல். மார்ச் முதல் வாரத்தில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு கிடைத்தது. கூட்டம் கூடிற்று, கேட்டது, பெற்றது, வீடு திரும்பியது.

மார்ச் 9-ந் தேதி வங்கத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து வெளிவரும் நாள். அதைக் கொண்டாடக்கூடாது என்றது சர்க்கார். தடையை மீறி ஊர்வலமும் பிரசங்கமும் நடந்தன. ஜில்லா கலெக்டர் விஞ்ச் துரை பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கூப்பிட்டுப் பேசினார். ஊரை விட்டுப் போ, அரசியலை விடு என்பது அவர் நிபந்தனை. அந்தச் சம்பாஷணையைப் பாரதியார் பாட்டாகவே ஆக்கியிருக்கிறார். மார்ச் 12-ந் தேதி பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் சிறைக்குப் போனார்கள்.

மறுநாள் 13-ந் தேதி. திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன. மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், முன்சீப் கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்குதலுக்கு உள்ளாயின. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. தூத்துக்குடியிலும் வேலைநிறுத்தம், கல்லெறி, ஆஷ் துரையின் துப்பாக்கி. பிறகு தண்டப் போலீஸைக் கொண்டுவந்து இரண்டு ஊரிலும் நிறுத்தி, அதற்கான செலவை ஊரார் தலையில் வரியாகக் கட்டினார்கள். கல்லெறிந்தவனும் கட்டினான், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவனும் கட்டினான்.

வாரக்கணக்கில் கூட்டம் நடந்தது, தீ இல்லை. பேச்சாளர்கள் உள்ளே போன மறுநாள் தீ. ஆனால் வழக்கு எப்படிப் போயிற்று? பிள்ளையின் பிரசங்கம்தான் கலகத்துக்குக் காரணம் என்று போயிற்று. ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே இரண்டு தீவாந்தர தண்டனைகள், ஆக 40 வருஷம் என்று தீர்ப்பளித்தார். உயர்நீதிமன்றத்துக்கே அது பொறுக்கவில்லை, வெகுவாகக் குறைத்தது. அந்தக் கூட்டத்தை இழுத்தவர்களும் பிள்ளையும் சிவாவும்தான். நிறுத்தத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். சர்க்கார் தேரை நிறுத்த நினைத்து, முட்டுக்கட்டை வைத்திருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

110 வருஷம் கழித்து அதே தூத்துக்குடி. தாமிர ஆலையை மூடச் சொல்லிப் பல நாள் உட்கார்ந்திருந்தார்கள். நூறாவது நாளான 2018 மே 22-ந் தேதி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம். அன்றும் மறுநாளும் போலீஸ் துப்பாக்கியால் 13 பேர் மாண்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் போலீஸ் வரம்பு மீறியது என்று எழுதியது. மனுவை வாங்க வேண்டிய கலெக்டர் அன்று அலுவலகத்தில் இல்லை. அதற்கு முந்திய வருஷம் மெரினாக் கடற்கரை. ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடி ஆறு நாள் குப்பையைக்கூடத் தாங்களே பொறுக்கினார்கள். ஜனவரி 23-ந் தேதி வெளியேற்றத் தொடங்கியபோது ஐஸ்ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன் எரிந்தது. பிற்பாடு மெரினாவில் போராட்டமே கூடாது என்றாயிற்று. 2018-ல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. திலகர் கட்டம் என்ற பெயர் மட்டும் அங்கே மிச்சம்.

கூட்டம் எப்போதும் ஆட்டுக்குட்டி, சர்க்கார் எப்போதும் ஓநாய் என்று சொல்ல வரவில்லை. 1965 பிப்ரவரியில் திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களை உயிரோடு எரித்தது கூட்டம்தான். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. மொழிப் போரின் தியாகத்தைப் பேசுகிற மேடைகள் அந்த இரண்டு பேரைச் சொல்லாமல் தாண்டிப் போவது, ஆக்டேவியஸின் ஊழியனைப் பெயரில்லாமல் விட்டது போலத்தான். அந்தக் கிளர்ச்சியிலும், மாணவர் தலைவர்கள் நிறுத்தச் சொன்ன பிறகும் கைக்கு அடங்காமல் போன நாட்கள் உண்டு.

மேல்மா பந்தல்

திருவண்ணாமலைக்கே வருவோம். 1963-ல் நடந்த சட்டசபை இடைத் தேர்தலில் காங்கிரஸ் தோற்றுத் தி.மு.க. வென்ற ஊர் இது. தெருமுனைப் பேச்சால் திரும்பிய தேர்தல் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2002-ல் அண்ணாமலையார் கோயிலைத் தொல்பொருள் துறை எடுத்துக்கொள்ள அறிவிப்பு வந்தபோது ஊரே எதிர்த்தது. கட்சி பேதம் பார்க்கவில்லை. பிறகு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இதே ஜில்லாவில் செய்யாறு பக்கம் மேல்மா. சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் எடுக்காதே என்று 2023-ல் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாளைத் தாண்டியது. நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. நெல் விதைக்கிறவனைக் குண்டன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? நாலு பக்கமும் கண்டனம். சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான உத்தரவு வாபஸ் ஆயிற்று. வாபஸ் வாங்கியது நல்ல காரியம். போட்டதுதான் விளங்கவில்லை. தொழிற்பேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதில் இரண்டு பக்கமும் பேச விஷயம் உண்டு. உட்கார்ந்த கூட்டத்தை எழுப்பிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல என்பதில் இரண்டு பக்கம் இல்லை.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து தந்திருக்கிறது. அதே ஷரத்து நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. 144 என்று ஜனங்கள் பழகிவிட்ட தடையுத்தரவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163-வது பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் அவசரம் மாறவில்லை. எங்கோ ஒரு கல் விழும் என்று பயந்தால் முதலில் கை போவது அதன் மேல்தான்.

கட்டுப்பாடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் கட்டை என்பது சக்கரத்தடியில் போடுவது. வடத்தை அறுப்பது அல்ல. கரூருக்குப் பிறகு பேச வேண்டியது இதைத்தான். எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். அனுமதி மனுவில் ஆயிரம் என்று எழுதிவிட்டுச் சுவரொட்டியில் இலட்சம் என்று போடுவது எந்தக் கட்சிக்கும் அழகல்ல. பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் என்று சொன்னால் தலைவர் பன்னிரண்டு மணிக்கு வர வேண்டும். காக்க வைத்துப் பெருக்கிய கூட்டம் கேட்கிற கூட்டமாக இராது. தாகமும் பசியும் எடுத்த கூட்டமாக இருக்கும். குடிதண்ணீர், வெளியேற வழி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம் இவையெல்லாம் பெரிய சாஸ்திரம் அல்ல. அம்மன் தேரைப் பெண்களிடமும் கடைசித் தேரைச் சிறுவர்களிடமும் கொடுத்துப் பிரித்து வைத்த ஊருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீபத்தன்று இலட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறார்கள். எதிரே வருபவர் இல்லை. அந்த ஒரு பழக்கம் எத்தனை உயிரைக் காத்திருக்கும்! அதே ஆட்கள்தான் அரசியல் கூட்டத்துக்கும் போகிறார்கள். அங்கே மட்டும் ஒரே சந்தில் வருகிறவனும் போகிறவனும் முட்டிக்கொள்கிறான்.

சர்க்கார் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ஊருக்கு ஊர் கூட்டம் போட நல்ல மைதானம் ஒன்று வேண்டும். ஊருக்கு நாலு மைல் தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத பொட்டலைக் காட்டி "அங்கே கூடு" என்றால் அது அனுமதி அல்ல. தடைக்கு மரியாதையான பெயர். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகங்களில் மனு வாங்குகிறார்கள். ஊர்வலமாக வருகிறவனின் மனுவையும் அதேபோல ஓர் அதிகாரி வெளியே வந்து கைநீட்டி வாங்கினால், பாதிக் கூட்டம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். அனுபவப்பட்ட போலீஸ்காரர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் விஷயம் இது.

திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வ. உ. சி. நகர் என்று ஒரு பகுதி உண்டு. 2024 டிசம்பர் 1-ந் தேதி மழையில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்களே, அந்த இடம். அந்தச் சோகத்தில்தான் வெளியூரில் பலருக்கு அந்தப் பெயர் தெரிய வந்தது. பெயருக்குரியவர் கண்ணனூர்ச் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கிழுத்த உடம்பு. கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அவருக்காக 1908-ல் திருநெல்வேலியே கொதித்து எழுந்ததல்லவா? சிறை வாசலில் அவரை அழைத்துப் போக நின்றவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர், சிறையில் பெருநோய் வாங்கி வந்திருந்த சுப்பிரமணிய சிவா.